ஆறு பேர், ஆறு கருத்து: எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கிணற்றடி

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு திருச்சியில் வசித்து வருகிறேன். நாற்பத்தேழு வயதில் முதல் சிறுகதையை எழுதி முடித்திருக்கிறேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஆறு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதங்களாகக் கதையைத் திறக்கவே மனம் வரவில்லை.

கதை 1996இல் நடக்கிறது. மரகதம் என்பவள் திருமணமாகி வெளியூர் போய் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா இறந்த பிறகு, நிலத்தைத் தம்பி பெயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறாள். அந்த ஒரு பகல்தான் கதை. தலைப்பு ‘விடுதலை’, அவள் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்றுதான் பெயர்.

வங்கியில் வேலை பார்க்கும் தோழி, முடிவு புரியவில்லை, அவளுக்குக் கோபமா சம்மதமா என்று கேட்டார். என் சித்தி மகள், முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது என்றாள். எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் நாற்பத்தொரு ஒற்றுப்பிழைகளைச் சுழித்து அனுப்பினார். கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தாளர் ஒருவர், தம்பியை இன்னும் கெட்டவனாகக் காட்டினால்தான் வாசகருக்குக் கோபம் வரும் என்றார். பக்கத்து வீட்டு அம்மா, “அவங்கம்மா ஏன் எங்கயும் பேசவே இல்லை?” என்று மட்டும் கேட்டார். என் கணவர், நன்றாக இருக்கிறது என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

இவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. புரியவில்லை என்பவரைக் கேட்டு விளக்கினால், முன்பே தெரிந்துவிட்டது என்பவள் இன்னும் சலித்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் சித்தி மகளோடு பதினைந்து நாள் பேசாமலும் இருந்துவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பழைய மைக்கூடு

அம்மா, உங்கள் கதையின் கடைசிப் பத்தியை மட்டும் இங்கே இடுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பல ஆண்டுகள் ஒரு சிற்றிதழுக்குக் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன். எனவே கருத்துச் சொல்லித் திட்டு வாங்கியவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

உங்கள் தோழியும் சித்தி மகளும் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன நடக்கப்போகிறது என்பது சித்தி மகளுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தலைப்பே ‘விடுதலை’ என்றிருக்கும்போது, கையெழுத்திட வந்தவள் கையெழுத்திடுவாள் என்பதை ஊகிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். மரகதம் என்ன எதிர்பார்த்து வந்தாள் என்பது தோழிக்குக் கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை. நிகழ்ச்சி வெட்டவெளிச்சமாகவும் மனம் இருட்டாகவும் இருக்கும் கதையைப் படிக்கும் இருவரில் ஒருவர் முன்பே தெரிந்தது என்பார், மற்றவர் புரியவில்லை என்பார். நோவு ஒன்றுதான், ஒருவர் வயிற்றைக் காட்டுகிறார், மற்றவர் தலையைக் காட்டுகிறார்.

தம்பியைக் கெட்டவனாக்கச் சொன்னவரையும் அதே கண்ணோடு பாருங்கள். அவர் சொன்ன மருந்து தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மருந்தை அவர் ஏன் எழுதிக்கொடுத்தார்? கதையில் இழுவிசை போதவில்லை என்று உணர்ந்திருக்கிறார். படிப்பவர் எந்த இடத்தில் இடறினார் என்பதை நம்புங்கள். கல்லை எப்படிப் பெயர்ப்பது என்று அவர் சொல்வதை அப்படியே செய்துவிடாதீர்கள். கல் பெரும்பாலும் அவர் இடறிய இடத்தில் இருக்காது, இரண்டு பக்கம் முன்னால் கிடக்கும்.

ஒற்றுப்பிழை திருத்திய ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிவிடுங்கள். அது வேறு கணக்கு.

கிணற்றடி

நன்றி ஐயா. கடைசிப் பத்தி இதுதான்:

“மரகதம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அலுவலக வாசலில் வேப்பமரம் அசையாமல் நின்றது. தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்காதவளைப் போல நடந்தாள். இத்தனை வருடம் தன்னுடையது என்று நினைத்திருந்த மண் ஒரே கையெழுத்தில் அந்நியமாகிப் போனதை எண்ணியபோது அவள் மனத்தில் வெறுமை பரவியது.”

ஒற்றைக்கால் நாரை

முதலில் அந்த வெறுமையை எடுத்துவிடுங்கள். நம் சிறுகதைகளில் எத்தனை பேர் மனத்தில் வெறுமை பரவிவிட்டது என்று கணக்கெடுத்தால் பரவுவதற்கு இனி இடம் இருக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஆறு பேரிடம் கதையைக் கொடுத்ததே தவறு என்பது என் எண்ணம். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1981இல் வெளிவந்த அவருடைய தொகுப்பை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கும் மேலாக வெட்டினார். 1980 ஜூலையில், அச்சேற்றுவதை நிறுத்துங்கள் என்று மன்றாடி கார்வர் அவருக்குக் கடிதம் எழுதினார். பயன் இல்லை; புத்தகம் வெட்டிய வடிவிலேயே வந்தது, பெரும் புகழும் பெற்றது. அந்தச் சிக்கனமான நடைதான் கார்வர் என்று உலகம் கொண்டாடியது. அவர் எழுதியபடியே உள்ள மூல வடிவம் தனி நூலாக வந்தது 2009இல். அவர் இறந்ததோ 1988இல். பிறர் கையால் செதுக்கப்பட்ட முகத்தைத் தன் முகம் என்று சுமந்து திரிவது எவ்வளவு பெரிய துன்பம்! அதில் ஒரு கதையை, வெட்டுப்பட்டதை விரித்து மறுபடி எழுதி, 1983இல் வந்த அடுத்த தொகுப்பில் அவர் சேர்த்தார் என்பதிலிருந்தே அவர் மனம் எப்படி ஆறாமல் இருந்தது என்று தெரிகிறது.

ஆகவே அம்மா, உங்கள் முதல் கதையில் குறை இருக்கட்டும். அது உங்கள் குறையாக இருக்கட்டும்.

பழைய மைக்கூடு

நாரை அவர்களே, நீங்கள் சொன்ன செய்தி சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. லிஷ் கார்வருக்குக் கருத்துச் சொல்லவில்லை, கத்தியை எடுத்தார். அச்சேற்றும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. கிணற்றடி அம்மாவின் சித்தி மகளிடம் எந்த அதிகாரமும் இல்லை. ஒரு காபி கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம்.

அதே அமெரிக்காவில் வேறொரு பதிப்பாசிரியர் இருந்தார், மாக்ஸ்வெல் பெர்கின்ஸ். 1924 நவம்பரில் நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு அனுப்பிய நாவலைப் படித்துவிட்டு வாய்நிறையப் பாராட்டிக் கடிதம் எழுதினார். கூடவே ஒரு குறையையும் சொன்னார்: மற்ற பாத்திரங்களெல்லாம் தெருவில் கண்டால் அடையாளம் தெரியும்படி இருக்கிறார்கள், ஆனால் கதைத்தலைவன் கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறான், வாசகரின் கண் அவன்மேல் நிலைகொள்ள முடியவில்லை, அவனுக்குப் பணம் எப்படி வந்தது என்பதற்கும் அங்கங்கே ஏதாவது கோடு காட்டலாமே என்றார். எப்படி எழுதுவது என்று அவர் வகுப்பெடுக்கவில்லை, ஒரு வரியையும் தாமாக வெட்டவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டின் பதில்தான் எனக்கு முக்கியம். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது, அதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள் என்ற பொருளில் எழுதினார். பிறகு அச்சுப்படிகளிலேயே பெரிய அளவில் திருத்தி எழுதினார். 1925 ஏப்ரலில் நூல் வந்தது.

எனக்குத் தெரிந்தவரை ஒரு கருத்திலிருந்து பெறத்தக்க மிகப் பெரிய பயன் இதுதான். வாசகருக்குப் புரியாத இடம் சில வேளை நாம் சரியாகச் சொல்லாத இடமாக இருக்கும்; சில வேளை நமக்கே தெரியாத இடமாக இருக்கும். முதலாவதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். இரண்டாவதற்கு எத்தனை வாக்கியம் சேர்த்தாலும் போதாது, வெறுமைதான் பரவும்.

கிணற்றடி அம்மாவிடம் நேராகவே கேட்கிறேன்: மரகதம் அன்று காலையில் பேருந்து ஏறும்போது என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள்?

கிணற்றடி

ஐயா, மூன்று நாளாக யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

ஆவண எழுத்தர்

நான் இலக்கியம் அறிந்தவன் அல்லன். இந்த இழையை என் மகள் காட்டினாள். முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சில ஐயங்கள். அம்மா கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த நிலம் யாருடையது? பூர்வீகமா, அப்பா தம் பணத்தில் வாங்கியதா? உயில் உண்டா? அம்மா உயிரோடு இருக்கிறாரா?

கிணற்றடி

அப்பா 1968இல் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர். உயில் எழுதவில்லை. அம்மா இருக்கிறார், அன்று வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார். ‘புதுச் சட்டம் வந்துட்டதால அக்கா கையெழுத்தும் வேணுமாம்’ என்று தம்பி சொல்வதாக ஒரு வரி உண்டு.

ஆவண எழுத்தர்

அப்படியானால் கதையில் மூன்று இடங்கள் உதைக்கின்றன.

முதலாவது, தம்பி சொல்லும் புதுச் சட்டம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது; அந்த நாளுக்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு அது அப்போது பொருந்தவில்லை. மரகதம் 1974இல் திருமணம் ஆனவர். ஆகவே அந்தச் சட்டம் அவருக்கு உதவாது, உதவவும் தேவையில்லை. தகப்பனார் தாமே வாங்கிய சொத்து, உயில் இல்லாமல் இறந்துவிட்டார் என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. மரகதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் நாளிலிருந்தே உண்டு. தம்பி தெரியாமல் சொல்கிறான் என்றால் சரி, தெரிந்தே சொல்கிறான் என்றால் அதுவும் சரி. ஆனால் எழுதுகிற நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மேலே சொன்னபடி அம்மாவுக்கும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. மகன் பெயருக்கு முழு நிலமும் வர வேண்டும் என்றால் அவரும் எழுதிக்கொடுப்பவர்தான். சாதாரணமாக இருவரும் ஒரே பத்திரத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு ஒன்றாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கதையில் அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிட முடியாது. சார்பதிவாளர் முன்னால் இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். இப்போது கருவியில் விரலை வைத்துப் புகைப்படமும் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் கறுப்பு மைதான். பிசுபிசுப்பான மை, சோப்பு இல்லாமல் லேசில் போகாது. அலுவலகச் சுவரிலும் சன்னல் கம்பியிலும் எல்லாரும் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கறை ஏறிக் கிடக்கும். பெண்கள் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார்கள். எண்ணெய்ப் பசைக்கு மை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நன்னூல் வாத்தியார்

ஆவண எழுத்தர் ஐயா சொன்னதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: ‘உலகம் மலையாமை’. உலக வழக்கோடு முரண்படாதிருத்தல் என்று பொருள். நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது.

அதற்கு முன்னால் அதே பாயிரம் பத்துக் குற்றங்களையும் சொல்கிறது. நண்பர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல அழைக்கப்படும்போதெல்லாம் அந்தச் சூத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இவை கதைக்காகச் சொல்லப்பட்டவை அல்ல, இலக்கண நூல் போன்றவற்றுக்குச் சொல்லப்பட்டவை என்பதை மறக்கவில்லை. ஆனாலும் ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று இழுப்பதைவிட, ‘மூன்றாம் பக்கத்தில் மற்றொன்று விரித்திருக்கிறீர்கள்’ என்பது எவ்வளவு துல்லியமாக இருக்கிறது! கேட்பவருக்கும் கோபம் வருவதில்லை. குற்றம் அவர்மேல் விழாமல் வாக்கியத்தின்மேல் விழுகிறது.

கிணற்றடி அம்மாவுக்கு வந்த கருத்துகளை இந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தேன். தோழி சொன்னது மயங்க வைத்தல். சித்தி மகள் சொன்னது, தலைப்பிலும் முதல் பக்கத்திலும் சொன்னதையே கடைசியிலும் சொல்கிறீர்கள் என்பதால், கூறியது கூறல். பக்கத்து வீட்டு அம்மா கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மை. அது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. பங்குக்கு உரிய ஒருவரைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். சட்டம் தெரியாமலேயே அந்த அம்மாவின் மூக்கு அதை மோப்பம் பிடித்துவிட்டது.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், குற்றம் நீங்கத் தெரிந்து எடுத்துரைக்கப்பட்டதாக அதன் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. ‘அரில் தபத் தெரிந்து’ என்பது அதன் சொல். அரங்கேற்றம் என்பதை இன்று மாலையும் பொன்னாடையுமாக ஆக்கிவிட்டோம். அது கேள்வி கேட்கும் இடமாக இருந்தது.

ஒற்றைக்கால் நாரை

வாத்தியார் ஐயா, பத்துக் குற்றமும் இல்லாமல் ஒரு கதை இருந்தால் அது சுற்றறிக்கை மாதிரி இருக்கும் என்று அஞ்சுகிறேன். நல்ல கதைகள் பல மயங்க வைக்கத்தான் செய்கின்றன.

ஆனால் பத்திரம் எழுதும் ஐயாவின் பதிவை நான்கு முறை படித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய்த் தலையில் மையைத் தேய்ப்பதை எந்த இலக்கியக் கூட்டத்திலும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

கொங்குத் தறி

கதை எங்கள் பக்கத்தில் நடப்பதால் ஒரு சொல். ஓரிடத்தில் மரகதத்தின் மகன் தன் அம்மாவின் அப்பாவைத் ‘தாத்தா’ என்று கூப்பிடுவதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். எங்கள் ஊரில் அப்புச்சிதான். சென்னை நண்பர்களுக்குப் புரியாதே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ‘அப்புச்சி செத்து ரெண்டு வருசம் ஆச்சு’ என்று மரகதத்தின் மகன் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் யார் செத்தது என்று புரியும். அடிக்குறிப்பு போட்டால்தான் அந்தச் சொல் அந்நியமாகும்.

கிணற்றடி

அப்புச்சி என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். எழுத்தாளர் சொல்லித் தாத்தா ஆக்கினேன். திரும்ப மாற்றிவிடுகிறேன்.

வரைவு ஏழு

கருத்துக் கேட்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறை வழியாகப் பரவிய ஒரு வழக்கம் உண்டு: எழுதியவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கதையைப் பற்றிப் பேசுவார்கள். விளக்கம் சொல்ல முடியாது என்பதால் தாளில் எழுதியிருப்பது மட்டுமே கணக்கு, அது நல்லது. ஆனால் எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடும் ஏழெட்டுப் பேர் அதை முயன்றபோது, இரண்டாம் மாதமே ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். கதையில் இல்லாத ஒன்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள், அவரால் ‘அது அப்படியில்லை’ என்று சொல்லவும் முடியவில்லை.

பிறகு லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990இல் வகுத்த முறைக்கு மாறினோம். முதலில் படித்தவர்கள் தங்கள் மனத்தில் நின்றதை மட்டும் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பார். அதற்கு அடுத்து, படித்தவர்கள் தீர்ப்பை ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதையும் ‘இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா’ என்று அனுமதி கேட்டுச் சொல்ல வேண்டும். கடினமானது மூன்றாவது படிதான். ‘அம்மாவை ஏன் இப்படிப் பலவீனமாக எழுதினீர்கள்?’ என்பது கேள்வி வேடமிட்ட தீர்ப்பு. ‘அம்மா அன்று எங்கே இருந்தார்?’ என்பதுதான் கேள்வி. நம் ஆட்களுக்கு இந்த வேறுபாடு வசப்பட ஓராண்டு ஆனது. இந்த இழையில் ஆவண எழுத்தர் ஐயா யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நான்கு கேள்விகளோடு தொடங்கினார்.

அம்மா, அடுத்த முறை ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் கணவர் சொன்ன பதில்தான் கிடைக்கும். எந்த இடத்தில் கையிலிருந்து தாளைக் கீழே வைக்கத் தோன்றியது, எந்த வரியைத் திரும்பப் படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பழைய வரைவை அழித்துவிட வேண்டாம். திருத்தம் தவறிப்போனால் திரும்பி வர ஒரு வீடு வேண்டும்.

கிணற்றடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவண எழுத்தர் ஐயாவின் பதிவைப் படித்த அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதைக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று தோன்றியது. மறுநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவும் அங்கே விசிப்பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது திரும்ப வந்தது. சரி, உட்கார்ந்திருக்கிறார், யாருடைய பெயரை முதலில் கூப்பிடுவார்கள் என்று யோசித்தேன். அந்தக் கணத்தில்தான் மைக்கூடு ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அம்மா கையெழுத்துப் போட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் மரகதம் அன்று பேருந்து ஏறியிருக்கிறாள். தனக்கு நிலம் வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்காக அம்மா ஒரு வார்த்தை சொல்வாள், ‘அவளுக்கும் ஒரு அரை ஏக்கராவது விடுடா’ என்பாள், தான் வேண்டாம் என்று மறுக்க வேண்டும் என்று மறுப்பையும் மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இது தெரிந்த பிறகு திருத்துவது எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் பக்கத்தை ஒன்பது முறை எழுதினேன். தம்பி நல்லவனாகவே இருக்கிறான். அக்காவுக்கும் அம்மாவுக்கும் இளநீர் வாங்கிக்கொண்டு வருகிறான். அவனைக் கெட்டவனாக்கியிருந்தால் அம்மாவின்மேல் இருக்க வேண்டிய கண் அவன்மேல் போயிருக்கும். ‘புதுச் சட்டம்’ என்ற வரியை வைத்துக்கொண்டேன். அது தவறு என்று அறிந்த பத்திர எழுத்தர் ஒருவர் கதையில் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குகிறார். தலைப்பை எடுத்துவிட்டேன். இப்போது ‘இடது பெருவிரல்’. கடைசிப் பத்தி இப்படி இருக்கிறது:

“அம்மாவின் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் விரலை நீட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் மை பட்ட விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, ‘எண்ணெய்த் தலைல தேச்சா சீக்கிரம் போயிரும் கண்ணு’ என்றாள். அடுத்து மரகதத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள்.”

பக்கத்து வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். சித்தி மகளுக்கு இன்னும் அனுப்பவில்லை.

ஒற்றைக்கால் நாரை

என் முதல் பதிவைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் இது வேறு கதை. ஒன்று மட்டும்: “யாரையும் பார்க்காமல்” தேவையா? அவள் பார்க்கவில்லை என்பதை அந்தத் தலைமுடியே சொல்லிவிடுகிறதே.

கிணற்றடி

இரண்டு நாள் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன் ஐயா. எடுத்தால் அம்மா ஏதோ வழக்கமான வேலைக்குப் போவது போல இருக்கிறது. அவள் பார்க்க வேண்டிய ஆள் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொங்குத் தறி

‘கண்ணு’ சரியாக விழுந்திருக்கிறது.

ஆவண எழுத்தர்

அம்மா, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியாது. என் மகள் அழுதாள். ஒரே ஒரு சின்னத் திருத்தம். வெறும் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். ஒரே பெயரில் நாலு பேர் காத்திருப்பார்கள். பத்திரத்தில் உள்ளபடி உறவோடு சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ஆணாக இருந்தால் தகப்பனார் பெயர். திருமணமான பெண்ணாக இருந்தால், தகப்பனார் நிலத்துக்கே எழுதிக்கொடுக்க வந்திருந்தாலும், எங்கள் வழக்கத்தில் கணவர் பெயர்தான் முன்னால் வரும்.

கிணற்றடி

ஐயா, கடைசி வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “‘சின்னச்சாமி சம்சாரம் மரகதம்’ என்று கூப்பிட்டார்கள்.”

ஒற்றுப்பிழை பார்க்க ஆசிரியருக்கு இன்று தபாலில் அனுப்பிவிட்டேன்.